ரேடியோ போடாத கரைப்பாட்டு

ரேடியோ என்கிற பெயரை அவள் முதன்முதலில் கேட்டது, கல்யாணமாகி வந்த மறுநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது. வாசலில் யாரோ, "ரேடியோ எழுந்தாச்சா?" என்று கத்தினார்கள். "எழுந்து, குளிச்சு, பாடவும் ஆரம்பிச்சாச்சு" என்றான் உள்ளேயிருந்து புருஷன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்ற கொழுந்தனைப் பார்த்த பிறகுதான் அது ஆள் பெயர் என்று தெரிந்தது. ஒல்லி உடம்பு. சட்டைப்பை பிதுங்க கேசட்டுகள்.

"அண்ணி, உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும்? அதை வச்சுத்தான் உங்க குணத்தை எடை போடணும்."

"எனக்குச் சத்தமில்லாம இருந்தாப் பிடிக்கும்."

"போச்சு. அண்ணன் தொலைஞ்சான்!"

வீடே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் பிழைப்பு கடற்கரையில். தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று வைத்து, அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விட்டார்கள். மூக்கு உடைந்து வருகிற பலகையை ஒட்டித் தேய்த்துப் புதிதாக்குவது அண்ணன் வேலை. பாட்டுப் போடுவது தம்பி வேலை. இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்கள் உண்டு, அவளுடைய சித்தி உட்பட. ஒரு நாள் அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கடல் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற காலையில் ஒற்றைக் கிட்டார் மட்டும் மெல்ல முனகும். அலை எழும்ப ஆரம்பித்ததும் வார்த்தையே இல்லாத பாட்டு வரும். தண்ணீருக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோல் அதிர்கிற கிட்டார், பின்னால் குதிரை ஓட்டமாக டிரம்ஸ். அதைக் கேட்டால் நீந்தத் தெரியாதவனுக்கும் தண்ணீரில் விழத் தோன்றும். அலை செத்த மத்தியானத்துக்கு, நாலைந்து பேர் குரலைக் குழைத்துச் சேர்ந்து பாடும் பாட்டு. பலகைமேல் சும்மா கிடக்கிறவர்கள் காலாட்டுவதற்கு அதுதான் தோது.

சாயங்காலம் கரைப்பாட்டு. ஒரே ஒரு பெண் குரல். கூப்பிடுகிறாளா, வழியனுப்புகிறாளா என்று சொல்ல முடியாது. அது கேட்டால் எல்லோரும் கரையேறிவிட வேண்டும். ஏறும்போது தனக்குப் பின்னால் யார் என்று ஒவ்வொருவரும் திரும்பிப் பார்க்க வேண்டும். கொட்டகைச் சுவரில் பலகைக்கொரு தாங்குகட்டை உண்டு. எல்லாக் கட்டையும் நிறைந்த பிறகுதான் ரேடியோ பாட்டை நிறுத்துவான். ஆசை தீராதவர்களுக்கு ஒரு சலுகையும் வைத்திருந்தான். தண்ணீரிலிருந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டினால் கரைப்பாட்டைத் தள்ளிப்போட்டு இன்னொரு வேகப்பாட்டு போடுவான். அதிகம் கை தூக்குகிறவன் அண்ணன்காரன்தான்.

அவள் வயிற்றில் பிள்ளையோடு இருந்த சமயம். அன்றைக்கு எல்லோரும் ஏறிவிட்டார்கள், புருஷன் மட்டும் தூரத்தில் இருந்தான். ரேடியோ கரைப்பாட்டை எடுத்தான். தூரத்தில் கை உயர்ந்தது.

"பாருங்க அண்ணி, உங்க ஆளுக்கு இன்னும் போதலையாம்."

"போடு, போடு. இல்லேன்னா ராத்திரி பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார்."

வேகப்பாட்டு போட்டான். அது முடிவதற்குள் பலகை மட்டும் கரைக்கு வந்தது. காலில் கட்டும் கயிறு அறுந்து தொங்கியது. ஆள் கிடைக்கவே இல்லை.

"இன்னொண்ணு கேக்கிறான்னு நினைச்சேன் அண்ணி."

"நானும் அப்படித்தான் நினைச்சேன் தம்பி."

இதையே இருவரும் எத்தனை தடவை சொல்லிக்கொண்டார்களோ. சித்தி வந்து, "இந்த உப்புக் காத்துல எதுக்குடி கிடந்து கரையற, என்கூட வந்துடு" என்று கூப்பிட்டாள். அவள் போகவில்லை. அவள் போனால் கொழுந்தனுக்குச் சோறு போட ஆளில்லை என்று சொன்னாள். அது பாதிக் காரணம்தான்.

ரேடியோ மற்ற பாட்டையெல்லாம் மறுபடி போட்டான். கரைப்பாட்டை மட்டும் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டான். சாயங்காலமானால் விசில் ஊதினான். அண்ணனின் கட்டையில் வேறு பலகை வைக்க விடவில்லை. எல்லோரும் ஏறிய பிறகு, புதிதாக வந்த யாராவது ஈரத்தலையோடு நின்று, "அங்க ஒருத்தர் இன்னும் உக்காந்திருக்காரே, அவருக்கு விசில் கேக்கலையா?" என்பார்கள். ரேடியோ திரும்பிப் பார்க்க மாட்டான். "அவரு வருவாரு" என்பான். அவள் மட்டும் பார்ப்பாள். அவள் கண்ணுக்குத் தண்ணீர்தான் தெரியும்.

ஒருநாள் சோறு போடும்போது பொறுக்காமல் கேட்டாள். "அந்தப் பாட்டை ஒருதரம் போட்டுடேன் தம்பி. எனக்கு அந்தச் சாயங்காலம் இன்னும் முடியவே இல்லை."

அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். "இதுவரைக்கும் நான் அவனைக் கூப்பிடலை அண்ணி. அதனால அவன் வரலை. கூப்பிட்டும் வரலைன்னா?"

அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மகள் வளர்ந்தாள். எவ்வளவு தடுத்தும் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "சித்தப்பா, எனக்குன்னு ஒரு பாட்டு போடுங்க, மத்தவங்க பாட்டுல நான் சறுக்க மாட்டேன்" என்று அதிகாரம் வேறு. அவளுக்கும் கடலில் இறங்குகிற மற்ற எல்லோருக்கும் அவன் போட்ட கட்டளை ஒன்றுதான்: உயிர் போகிற ஆபத்து என்றாலொழிய கை தூக்கக் கூடாது.

மகளுக்குக் கல்யாண வயது வந்த வருஷம் அது நடந்தது. வேகப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, அலை நன்றாக இருந்தது. திடீரென்று காற்று திசை மாறிக் கடல் கறுத்தது. ரேடியோ விசில் ஊதினான். காற்று அதைத் தின்றுவிட்டது. கன்னம் வலிக்க ஊதினான். ஒருவரும் திரும்பவில்லை. அப்போது எல்லோருக்கும் அப்பால், தூரத்தில், ஒரு கை உயர்ந்தது.

ரேடியோ விறைத்து நின்றான். விசில் வாயிலிருந்து விழுந்தது.

"தம்பி, பாட்டைப் போடு."

அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம் பொண்ணு தண்ணியில இருக்கா. உன்னைத்தான் சொல்றேன், கூப்பிடு! உள்ள இருக்கிற எல்லாரையும் கூப்பிடு. அவரையும் சேர்த்துக் கூப்பிடு!"

அவன் கை டப்பாவரை போய் நின்றது. அவளே மூடியைத் திறந்தாள், அவளே போட்டாள். பழைய நாடா இழுத்தது. அந்தப் பெண் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்து, கூரைமேலிருந்த குழாய் ஸ்பீக்கர் வழியாகக் கடல்மேல் போயிற்று.

தண்ணீரில் பழைய ஆள் என்று தையற்காரர் ஒருவர்தான். அண்ணன் காலத்திலிருந்து சறுக்குகிறவர். பாட்டு காதில் விழுந்ததும் பழக்கதோஷத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தார். மகள் எங்கோ இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தாள். போய்ப் பிடித்தார். மற்றவர்களையும் அதட்டி ஓட்டிக்கொண்டு வந்தார்.

"பாட்டா அது? என் தையல் மெஷின் இதைவிட நல்லாப் பாடும்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

ரேடியோ, அண்ணன் மகள் எதிரே மண்டியிட்டான். "நல்லவேளை கை தூக்கினே கண்ணு. இல்லேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"நான் எங்க சித்தப்பா தூக்கினேன்? கயிறு அறுந்துடுச்சு. ரெண்டு கையாலயும் போர்டைப் புடிச்சுட்டிருந்தேன்."

தையற்காரரைக் கேட்டான், மற்றவர்களைக் கேட்டான். ஒருவரும் தூக்கவில்லை.

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் பலகைகளைச் சுவரில் சாத்தினார்கள். ஒரு கட்டை மட்டும் காலி. ரேடியோ கொட்டகையின் பின்பக்கம் போய், சாக்குக்கு அடியிலிருந்து அண்ணனின் பழைய பலகையை எடுத்து வந்து அந்தக் கட்டையில் வைத்தான். அண்ணியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். பாட்டை நிறுத்தினான்.

அதற்குப் பிறகு, தூரத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதாக எவரும் வந்து சொன்னதில்லை.

இப்போது கொட்டகையை மகள் நடத்துகிறாள், பாட்டும் அவளே போடுகிறாள். ரேடியோ அவள் வீட்டில்தான் இருக்கிறான், கடல் தெரியாத பக்கத்து அறையில். சாயங்காலம் கரைப்பாட்டு நின்ற பிறகுதான் சாப்பிட உட்காருகிறான்.