தறி நூலில் ஏறிய புடலை

மொட்டைமாடியில் மருமகள் பெயிண்ட் டப்பாவில் புடலை வைத்திருக்கிறாள். நேற்று அதன் இலையைத் தெரியாமல் கசக்கிவிட்டேன். அந்த வாடை இருக்கிறதே, மூன்று தரம் சோப்புப் போட்டும் கையைவிட்டுப் போகவில்லை. கூடவே அறுபது வருஷத்துக்கு முந்தின ராசிபுரத்து வீடும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள், கேளுங்கள்.

யுத்த காலம். நூல் கிடைக்காமல் தெருவில் பாதித் தறி சும்மா கிடந்தது, எங்கள் தறியும்தான். தறி நின்றால் வயிறு நிற்குமா? கொல்லையில் பாத்திரம் கழுவின தண்ணீர் ஓடுகிற இடத்தில் நாலு புடலை விதை ஊன்றினேன். புதுப்பெண், பதினாறு வயது. இதிலாவது மாமியாரிடம் நல்ல பேர் வாங்கலாம் என்று ஆசை. கொடி என்னமோ மளமளவென்று வந்தது, ஏற்றிவிடத்தான் கயிறு இல்லை.

தறியில் பழைய பாவின், அதாவது சேலைக்கு நீளவாட்டில் ஓடுகிற நூலின், வால் கிடந்தது. சேலையை அறுத்தபின் ஒரு முழ நூலை, சீப்பு மாதிரி இருக்கிற அச்சிலேயே விட்டுவைப்பார்கள். அடுத்த பாவு வந்ததும் புது இழைகளை அதோடு முறுக்கிச் சேர்த்தால் வேலை சுளுவாக முடியும். எனக்குத் தெரியாதா, நானும் நெசவுக்காரர் வீட்டுப் பெண்தானே. இனி எந்த மகராசன் நூல் தரப் போகிறான் என்ற தைரியத்தில் மொத்தத்தையும் உருவி, முடிச்சுப் போட்டு, திரித்துக் கொடிக்குக் கட்டிவிட்டேன். கஞ்சி போட்ட நூல், விறைப்பாக நின்றது.

காயும் ஆள் உயரத்துக்குத் தொங்கியது. பாசிப்பருப்புப் போட்டுப் பொரியல், குடலையும் விதையையும் வதக்கித் துவையல், களிக்குப் புடலங்காய்க் குழம்பு. "நாளைக்கென்ன அம்மிணி, புடலங்காப் பாயாசமா?" என்பார் மாமியார்.

அப்போதுதான் நூல் தேடிப் போயிருந்த என் வீட்டுக்காரர் சேலத்திலிருந்து பாவோடு வந்து நின்றார். எட்டு நாளில் சேலை போய்ச் சேராவிட்டால் அடுத்த பாவு வேறு தறிக்குப் போய்விடுமாம். தறிக்குழியில் இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்கம்மா, அச்சு மொட்டையாக் கெடக்குது?"

மாமியார் கொல்லையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உம் பொண்டாட்டியக் கேளு சாமி. தறியப் பந்தல்ல ஏத்தீட்டா."

பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. "வா புள்ள, பின்னால உக்காரு" என்றார், அவ்வளவுதான்.

வால் இல்லாததால் ஒவ்வொரு இழையையும் அச்சின் பல்லுக்குள் புதிதாக நுழைத்தாக வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் இழை, மூன்று பகல். அச்சுக்குப் பின்னாலிருந்து நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டார். கல்யாணமாகி ஐந்து மாதத்தில் பகல் வெளிச்சத்தில் அவர் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். பெரியவர்கள் இருக்கிற வீட்டில் புருஷனோடு பேசினால் வாயாடி என்பார்கள். பேசாமல் இந்த வேலை நடக்காதே.

"இழை அறுந்துபோச்சுங்க."

"பரவால்ல, புடலங்காயக் கோத்துடலாம்."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வேன். அடுப்படியிலிருந்து மாமியார் வேண்டுமென்றே இருமுவார்.

சேலை ஒரு நாள் தாமதம். அதோடு நாலு புடலங்காயையும் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் முறைத்தாராம், காயை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த பாவையும் கொடுத்தாராம்.

அந்தப் பாவைச் சேர்க்க வால் இருந்தது. அவர் ஒருத்தராகவே முடித்துவிட்டார், என்னைக் கூப்பிடவில்லை. முந்தின ராத்திரியே அந்த வாலையும் உருவிவிட்டிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது நிஜம்.

அவர் போய்ப் பதினோரு வருஷமாகிறது. இந்த வீட்டில் எல்லோரும் எந்நேரமும் என்னோடு தாராளமாகப் பேசுகிறார்கள். யாருக்கும் தெரியாமல் பேசத்தான் ஆள் இல்லை.