பனி அடைத்த குழாய்

கணினித் திரையில் மேகத்துக்குள் பறந்துகொண்டிருந்த விமானத்தின் வேகமுள் சரியத் தொடங்கியது. நுஸ்கி ஜாய்ஸ்டிக்கை இறுகப் பிடித்தான். "சேர், முள்ளு எறங்குது. என்ன சேர் இது?"

பக்கத்தில் இருந்த சுகிர்தனுக்குத் தெரியும். வேகம் அளக்கும் குழாயில் பனிக்கட்டி அடைத்துவிட்டது. குழாயைச் சூடாக்கும் சுவிட்ச் திரையின் இடது ஓரத்தில் இருப்பதும் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்குப் படிப்பிக்க வந்த அவர்தான் இந்த விளையாட்டின் சீடியைக் கொழும்பில் வாங்கி, நுஸ்கியின் புடவைக்கடைக் கணினியில் போட்டவர். மாதக்கணக்காகியும் அவருடைய விமானம் ஓடுபாதையில் குதித்துத்தான் இறங்கும். நுஸ்கி இரண்டாம் வாரமே பூப்போல இறக்கினான். அன்றிலிருந்து கடைக்கு வருபவர்கள் அவன் பறப்பதைத்தான் நின்று பார்த்தார்கள்.

"பனிதான்," என்றார் சுகிர்தன். அது பொய்யில்லை.

ஹட்டனில் பனி என்றால் மூடுபனி. நுஸ்கி விமானத்தின் லைட்டைப் போட்டான். முள் பூச்சியத்துக்கு வந்தது. வேகம் போதவில்லை என்று எண்ணி மூக்கைக் கீழே அழுத்தினான். விமானம் மலையில் மோதியது.

"பைலட் இனி சோறு தின்ன வரலாம்," என்று உள்ளேயிருந்து அவன் மனைவி கமறியா சிரித்தாள். சுகிர்தனும் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் ஞாயிறு. சுகிர்தன் கடைக்குப் போனபோது நுஸ்கி சுவிட்சைத் தானே கண்டுபிடித்து விமானத்தை இறக்கியிருந்தான். "இது சேருக்கும் தெரியாதே, இங்க பாருங்க," என்று விரலால் தொட்டுக் காட்டினான். சுகிர்தன் பார்த்தார். பிளேன்டீ குடித்தார். அறைக்குப் போய்ச் சட்டைகளைத் தோய்த்தார்.