ஜப்பான் மலைக்கிராமத்தில் ஒரு சனிக்கிழமை எண்ணெய்க் குளியல்

1976 அக்டோபரில், குவைத் ஃபஹாஹீல் பக்கத்தில் ஒரு ஆலையில் வேலை பார்த்த என்னையும் செல்வராஜையும் நான்கு வார டிரெயினிங்குக்கு ஜப்பான் அனுப்பினார்கள். குவைத்தில் லீவு நாளான வெள்ளிக்கிழமையும் அங்கே டூட்டி என்றதும் செல்வராஜுக்குப் பாதி உயிர் போய்விட்டது. பாடம் எடுத்த மொரியாமா, எங்கள் மூவருக்கும் பொதுவான ஓட்டை ஆங்கிலத்தில், "சனி, ஞாயிறு எங்க அத்தை ஊருக்கு வாங்க" என்றார். அத்தை மலையில் வெந்நீர் ஊற்றோடு ஒரு சிறு விடுதி நடத்துகிறார்.

காலை 6.40க்கு ரயில். தொண்ணூறு கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். பிறகு பஸ்ஸில் இருபது நிமிடம். அறுவடை முடிந்த படிக்கட்டு வயல்கள், சிவந்த மேப்பிள் மரங்கள். வீட்டுக்கு வீடு, தோலுரித்த பழங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், குவைத்தில் எங்கள் ரூம் மாடியில் துணி காய்வதுபோல. இரண்டு வருடமாக மணலையே பார்த்த கண்ணுக்குப் பெரிய விருந்து.

"நிதானமா குளிங்க" என்று சொல்லிவிட்டு, செல்வராஜையும் கூட்டிக்கொண்டு மொரியாமா விறகு பிளக்கப் போனார். சனிக்கிழமை காலை, ஆவி பறக்கும் வெந்நீர், வேறென்ன வேண்டும்? மனைவி கொடுத்தனுப்பிய நல்லெண்ணெயும் சீயக்காய் டப்பாவும் எப்போதும் என் பையில் இருக்கும். உச்சி முதல் பாதம்வரை எண்ணெய் தேய்த்து, அரை மணி ஊறி, மரத்தொட்டிக்குள் சுகமாக இறங்கினேன்.

அங்கே வெளியில் தேய்த்துக் குளித்த பிறகுதான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். விடுதிக்கு வரும் எல்லோரும் அதே நீரில்தான் உட்காருவார்கள். இது எனக்குத் தெரியாது. திரும்பி வந்த மொரியாமா, நீரில் மிதந்த எண்ணெயைப் பார்த்து வெளிறிப்போனார்.

"மூணு மணிக்கு எட்டுப் பேர் வராங்க. இந்தக் குளியலுக்காகவே வராங்க. தொட்டி நிறையவே ரெண்டரை மணி நேரம் ஆகும். மரத்துல சோப்பு படக்கூடாது."

"கலாஸ் அண்ணே, எல்லாம் முடிஞ்சுது. அந்தம்மா பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்க" என்றான் செல்வராஜ். அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் உறைத்தது: சீயக்காய் சோப்பு இல்லையே! நீரைத் திறந்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, டப்பா காலியாகும்வரை மூவரும் தேய்த்தோம். 12.15க்கு மரத்தில் பிசுக்கு இல்லை. 2.50க்குத் தொட்டி நிறைந்தது. அத்தை விளிம்பைத் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். என் பக்கம் திரும்பாமல் விருந்தாளிகளை வரவேற்க வாசலுக்குப் போய்விட்டார். அந்த வெட்கத்தோடுதான் குவைத் திரும்பினேன்.

போகிறவர்களுக்கு: அக்டோபர் கடைசி நல்ல பருவம். அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் அன்று ஆளுக்கு 4000 யென், குவைத் காசில் சுமார் நாலு தினார். எல்லாவற்றிலும் மீன் இருக்கும், சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணெயைத் தயவுசெய்து ரூமிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்த வருடம் மொரியாமா வேலையாகக் குவைத் வந்தார். அத்தை கொடுத்ததாக, காய்ந்த பழம் ஒரு பெட்டி. கூடவே, நான் விட்டுவந்த சீயக்காய் டப்பா, பளபளவென்று கழுவி.

"வாராவாரம் இதாலதான் தொட்டி தேய்க்கணுமாம். நிரப்பித் தரச் சொன்னாங்க."

ஒரு வருடமாக என்னை அரித்த வெட்கம் அந்த நிமிடமே போய்விட்டது. அன்றைக்கே மனைவிக்குக் கடிதம் போட்டேன்: ஐந்து கிலோ அரைத்து அனுப்பு.