கொள்ளு மாவில் எறும்பு

அந்த டிசம்பரில் நான் யாரையும் நம்பவில்லை. கட்டிய கணவரை நம்பவில்லை, மாமியாரை நம்பவில்லை, படுக்கையறை மூலையில் கிடந்த எடை பார்க்கும் மெஷினைக்கூட நம்பவில்லை. சந்தேகம் என் பிறவிக்குணம் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும். என் இடத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

விஷயம் இதுதான். என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. எலக்ட்ரீஷியன் வேலைக்கு ஏணி தூக்கிக்கொண்டு அலைந்தவன், டயாலிசிஸ் படுக்கைக்கும் வீட்டுக்குமாக நடக்க ஆரம்பித்திருந்தான். ஊசி குத்திக் குத்தி அவன் கையில் இனி இடமே இல்லை என்று நர்ஸே அலுத்துக்கொண்டார். என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்தது. ஆனால் நான் குண்டு. இந்த உடம்போடு அறுவை செய்தால் உங்களுக்கு ஆபத்து, எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். தீபாவளிப் பலகாரத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், பெங்களூர் மல்லேஸ்வரத்துக் குறுக்குத் தெருக்களை எல்லாம் நடந்து தேய்த்து, டிசம்பர் நடுவில் எப்படியோ அவர் சொன்ன எல்லைக்கு இறங்கினேன்.

"வெரி குட். ஜனவரி முதல் வாரம் வாங்க. அன்னிக்கும் எடை இதே இருந்தா ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துடறேன். இனி குறைக்கக்கூட வேணாம், இந்தக் கிறிஸ்மஸ் லீவுல ஏறாம பாத்துக்குங்க, போதும்," என்றார்.

"ஏறிட்டா?"

"தள்ளிப்போகும்," என்றவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியின் கையைப் பார்த்தார்.

ஏறாமல் பார்த்துக்கொள்வதாம்! இந்த ஊரில் டிசம்பர் கடைசியில் மனுஷி எங்கே போய் ஒளிவது? பேக்கரி வாசலில் பிளம் கேக்கைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். ஆபீசில் சாண்டா தொப்பி போட்டுக்கொண்டு ஒவ்வொரு டீமும் ஒரு கேக் வெட்டும். அதற்கப்புறம் வருஷக் கடைசி என்று கம்பெனியே கதவைச் சாத்திவிடும். வீட்டில் உட்கார்ந்தால் குளிருக்குப் பஜ்ஜி கேட்கும் நாக்கு. நான் வாயைக் கட்டினேன். ஆபீஸ் கேக்கைக் கையில் வாங்கி, திரும்பி நின்று, பக்கத்து சீட்டுக்காரியின் தட்டில் வைத்தேன். "ஒரு துண்டுல என்ன ஆயிடும்?" என்றாள். இவளை யாராவது அனுப்பியிருப்பார்களோ என்று பார்த்தேன்.

வீட்டில் நிலைமை அதைவிட மோசம். கணவர் வீட்டார் மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரம். இறந்துபோன மாமனார் மைசூர் அரசாங்கக் காலத்து உத்தியோகக் குடும்பத்தில் வந்தவர். நான் இதே ஊரில் நீலசந்திராவில் தகரக் கூரைக்குக் கீழே படித்து வந்தவள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் சிறுநீரகம் கொடுக்கப் போகிறேன் என்றதும் மாமியார் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்தார். "உனக்கும் குடும்பம்னு ஒண்ணு இருக்கும்மா. எனக்கு இதுல சம்மதம் இல்ல," என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். கணவர் ஆஸ்பத்திரியில் சம்மதக் கையெழுத்து போட்டார். போடும்போது அவர் பேனா இரண்டு முறை நின்றது. அதை நான் பார்த்துவிட்டேன்.

லீவு ஆரம்பித்த அன்று அவர் ஒரு பிளம் கேக்கை வாங்கிக்கொண்டு வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து தானாக ஒரு கறிவேப்பிலைக் கொத்துகூட வாங்கி வராத மனிதர்! எனக்கு மூக்கு வியர்த்தது.

"யாருக்குங்க இது?"

"எனக்குத்தான். உன்னை யாரு சாப்பிடச் சொன்னா?"

சொல்லவில்லைதான். ஆனால் அதை ஃபிரிட்ஜில் என் மோர்ச் சொம்புக்கு நேர் பின்னால் வைப்பானேன்? மோர் எடுக்கப் போனால் கேக்கைத் தொட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நாலைந்து நாளில் எடை பார்த்தேன். அரைக் கிலோ ஏறியிருந்தது. தண்ணீராக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, நடையை இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அடுத்த தடவை பார்த்தபோது இன்னும் ஏறியிருந்தது. மெஷினில்தான் கோளாறு என்று எட்டாவது கிராஸ் தெருவில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போய், செருப்பைக் கழற்றி, காதுக் கம்மலையும் கழற்றிக் கைப்பையில் போட்டு ஏறி நின்றேன். அதுவும் அதையேதான் காட்டியது. வீட்டுக்கு வந்தால் கணவர் நம் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு நோண்டிக்கொண்டிருக்கிறார்.

"பேட்டரி மாத்தறேன்," என்றார்.

நேற்று வரை ஓடிய பேட்டரிக்கு இன்றைக்கு என்ன வந்தது? கேட்கவில்லை. உள்ளுக்குள் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

அன்று இரவு ரசத்தை முகர்ந்து பார்த்தேன். நெய் வாசனை. மாமியாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மும்முரமாக அப்பளம் உடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் தன் தங்கையோடு போனில் கன்னடத்தில் பேசினார். என் எடை ஏறுவதைப் பற்றித்தான் பேச்சு. ரகசியம் என்றால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும், நான் பிறந்து வளர்ந்ததே இந்த ஊர் என்பது மறந்துவிடும். குரலில் சந்தோஷம் இருந்ததா, கவலை இருந்ததா என்று கதவோரம் நின்று கேட்டேன். பிடிபடவில்லை. அன்றிலிருந்து எனக்கு நானே தனியாகச் சமைத்துக்கொண்டேன். தனிக் குக்கர், தனிக் கரண்டி, தனி உப்பு ஜாடி. வேகவைத்த காய், ஒரு கரண்டி சாதம், காலையும் இரவும் ஒரு டம்ளர் கொள்ளுக் கஞ்சி. அவ்வளவுதான். அந்தக் கஞ்சி மாவு தம்பி கொடுத்தது. முன்பெல்லாம் நானே கொள்ளை வறுத்து அரைத்துக்கொண்டிருந்தேன். "நீ ஏன்கா கஷ்டப்படற? நான் சும்னேதானே உக்காந்திருக்கேன், நானே வறுத்து அரைச்சுத் தரேன்," என்று சொல்லி, லீவு தொடங்கும்போது இரண்டு பெரிய டப்பா நிறையக் கொண்டுவந்தான். நான் அரைத்ததைவிட நன்றாக இருந்தது. பதமாக வறுத்திருக்கிறான் போல என்று நினைத்தேன். பட்டினி கிடக்கிறவளுக்கு எது ருசிக்காது?

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் எடை ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. தம்பியின் கை ஞாபகத்துக்கு வந்தது. இனி பொறுக்க முடியாது என்று கூடத்துக்கு வந்து கத்தினேன்.

"யாரு என் சாப்பாட்டுல கை வெக்கறது? எனக்குத் தெரிஞ்சாகணும். நான் ஏறினா டாக்டர் வேணாம்னு சொல்லிடுவாரு, உங்க ரெண்டு பேருக்கும் நிம்மதி. அதானே?"

கணவர் டிவியை அணைத்தார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "கையெழுத்து போட்டப்ப என் கை நடுங்குச்சு. அது நிஜம். உன்னை மேசையில படுக்க வெக்கச் சொல்லி நானே எழுதிக் குடுக்கறேன், நடுங்காம என்ன பண்ணும்? ஆனா போட்டேன் இல்ல?"

மாமியார் விடவில்லை. "வேணாம்னு உன் மூஞ்சிக்கு நேரா சொன்னவ நான். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன், நீ கேக்கல, அதோட முடிஞ்சுது. திருட்டுத்தனமா நெய் ஊத்தணும்னு எனக்கு என்னம்மா தலையெழுத்து?" என்றவர், சமையலறைக்குள் போய் என் கஞ்சி மாவு டப்பாவை எடுத்துவந்து நடுக் கூடத்தில் வைத்தார். "காலையிலேயே காட்டணும்னு இருந்தேன். பாரு."

டப்பாவின் மூடியைச் சுற்றிச் சிவப்பு எறும்பு மொய்த்திருந்தது.

"கொள்ளு மாவுல எங்கயாவது எறும்பு ஏறுமா? எனக்கு எழுபது வயசு, நான் பாத்ததில்ல," என்றார்.

எனக்கு முதலில் தோன்றியது, இவரே சர்க்கரையைப் போட்டுவிட்டு இவரே காட்டுகிறார் என்பதுதான். ஆனால் தம்பி கொண்டுவந்த இரண்டாவது டப்பா, ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்காமல், என் பீரோவுக்குள் இருந்தது. சாவி என் இடுப்பில். போய் எடுத்துப் பிரித்தேன். ஒரு சிட்டிகை வாயில் போட்டேன். கஞ்சியில் தெரியாதது வெறும் மாவில் தெரிந்தது. முந்திரி. பால் பவுடர். லேசான தித்திப்பு. கொள்ளு, பேருக்கு.

மறுநாள் டப்பாவைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு நீலசந்திராவுக்குப் போனேன். ஆட்டோ முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மில்லில் கலந்திருக்கும். கிறிஸ்மஸ் சமயம், யாருடைய மாவோ இவன் டப்பாவுக்கு மாறி வந்திருக்கும். தெருவெல்லாம் காகித நட்சத்திரம் தொங்கியது. தம்பி மருந்துக் கடைக்குப் போயிருந்தான். நான் வந்ததைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா, மாதா கோவிலுக்குப் போய்வந்த பட்டுப்புடவையோடு, தட்டு நிறையக் கல்கல், அச்சு முறுக்கு என்று கிறிஸ்மஸ் பலகாரம் எடுத்துக்கொண்டு வந்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் தட்டு அது.

"சாப்புடும்மா, எளச்சுப் போய்ட்ட. உன் தம்பி உனக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சானே, அதையாவது குடிக்கிறியா? மில்லுக்காரன் முந்திரி அரைக்க மாட்டேன்னுட்டான், எண்ணெய் விட்டு மெஷின் கெட்டுடுமாம். எங்க வீட்டு மிக்ஸியிலதான் அரைச்சான். நிக்க முடியல பையனுக்கு, ஸ்டூல் போட்டு உக்காந்து அரைச்சான். அக்காவுக்குத் தெம்பு வேணும்னு சொன்னான்."

அவர் தட்டை வைத்துவிட்டுப் போனார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அவ்வளவு பேரையும் சந்தேகப்பட்டேனே, இவனை விட்டுவிட்டேனே!

தம்பி வந்தான். மேசைமேல் திறந்திருந்த டப்பாவைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"ஏன்டா?" என்றேன்.

மருந்துப் பையை வாசற்படியில் வைத்தான்.

"ஏன்டா பாவி? நான் பட்டினி கிடக்கிறது யாருக்காக?"

"தெரியும்கா." உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. "நீ ஏறிட்டன்னா டாக்டரே வேணாம்னு சொல்லிடுவாரு. யாரு மேலயும் பழி இல்ல. நீயும் எவ்ளோ முயற்சி பண்ண, ஆகல. அப்டின்னு போயிடும்னு பாத்தேன்."

"வேணாம்னா வாயைத் தொறந்து சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொல்லலியா நானு? எத்தினி வாட்டி சொன்னேன்? வாயை மூடுடான்னு நீதானே சொன்ன?"

சொன்னேன்தான். ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னேன்.

"மாமா கையெழுத்து போடறப்ப நானும் அங்கதானே இருந்தேன். அவரு மூஞ்சிய நீ பாக்கல, நான் பாத்தேன். உனக்கு எதுனா ஒண்ணு ஆயிடுச்சுன்னு வெச்சுக்க. உன் கிட்னிய உள்ள வெச்சுகிட்டு நான் எப்டிக்கா உசுரோட இருப்பேன்? தண்ணி குடிக்கறப்பலாம் உன் ஞாபகம் வராதா?"

எனக்கு வந்த கோபத்தில் அவனை நாலு அறை அறையலாம் போல இருந்தது. அறைவதற்கு அவன் உடம்பில் என்ன இருந்தது? பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். அவன் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். ஊசித் தழும்புக் கை. அது என் ரவிக்கையில் உரசியது எனக்கு இப்போதும் தெரிகிறது.

"வீட்டுல நான் சந்தேகப்படாத ஒரே ஆளு நீதான்டா," என்றேன்.

"அதான்கா சுலபமா இருந்துச்சு," என்றான்.

மிச்சமிருந்த லீவில் அந்த வீட்டில் நடந்ததை நானே நம்பவில்லை. கணவர் கேக்கை எடுத்துக்கொண்டு போய் வாட்ச்மேனிடம் கொடுத்தார். காலையும் மாலையும் என்னோடு பக்கத்து ஏரியைச் சுற்றினார், மூட்டு வலிக்கிறது என்று முனகிக்கொண்டே. மாமியார் நெய் ஜாடியைத் தன் அலமாரியில் பூட்டிவிட்டு, எனக்குக் கொள்ளைத் தானே வறுத்தார். "எனக்கு இன்னும் சம்மதம் இல்ல," என்று வறுக்கும்போதும் சொன்னார். அந்தக் கஞ்சி வாயில் வைக்க வழங்கவில்லை. அதனாலேயே நம்பிக் குடித்தேன்.

ஜனவரியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் மெஷினைக் காட்டினார். நான் ஏறப்போனவள், நின்று, திரும்பிப் பார்த்தேன். தம்பி எனக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டிருந்தான். சின்ன வயதில் ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷினில் நான் ஏறும்போதெல்லாம், பின்னாலிருந்து ஒரு காலை வைத்து அழுத்துவான்.

"தள்ளிப் போ," என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணலக்கா."

"அந்தச் சுவரோரமா போய் நில்லு. ரெண்டு காலும் எனக்குத் தெரியணும்."

நர்ஸ் சிரித்தார். அவன் போய்ச் சுவரோரம் நின்றான். நான் ஏறினேன். எண் ஓடி ஓடி, எல்லைக்கு ஒரு நூல் கீழே நின்றது. நர்ஸ் சத்தமாகப் படித்தார். கணவர் கண்ணை மூடிக்கொண்டார். தம்பி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் பிழைக்கப் போகிறான் என்ற செய்திக்கு அப்படி அழுதான்.

அது போன கிறிஸ்மஸ். இந்த டிசம்பரில் ஏணி தூக்குகிற அளவுக்குத் தேறிவிட்டான். புதுச் சிறுநீரகத்துக்காகச் சாப்பிடுகிற மாத்திரையால் அவனுக்குப் பசி பிய்த்துக்கொண்டு வருகிறது. கன்னம் உப்பிவிட்டது. லீவில் எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதே டாக்டர் இப்போது அவனுக்குச் சொல்கிறார். நேற்று கொள்ளை வறுத்து அரைத்து, ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவன் மூடியைத் திறந்தான், முகர்ந்தான், என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இதுல என்னக்கா கலந்திருக்க?"

"ஒண்ணும் கலக்கலடா."

நம்பவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுப் பார்த்தான். முகம் கோணியது. அதற்கப்புறம்தான் டப்பாவை வாங்கி உள்ளே வைத்தான்.