தவசியின் நாய்க்குத் தெரிந்த சொல்

எதிர்வீட்டு மாடியில் கூழ்வடகம் பிழிந்து காயப்போட்டிருக்கிறார்கள். பாளையங்கோட்டை வெயிலால் வேறு என்ன நன்மை, சொல்லுங்கள். காலையிலிருந்து அரிசிக்கூழும் சீரகமும் கலந்த வாடை எங்கள் வீட்டுக் கூடம்வரை வருகிறது. அந்த வாடை எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது அந்த வீட்டுக்காரி காக்கை விரட்டும் சத்தம்தான். நினைத்து நினைத்து மாடிக்கு வந்து, கையைத் தூக்கி, “சூ! சூ!” என்று கத்துகிறாள். ஒவ்வொரு தடவையும் என் தோள்பட்டை தூக்கிப்போடுகிறது. இன்று காப்பியே சிந்திவிட்டது. “எம்மா, அவ காக்காய வெரட்டினா நீ ஏன் பறக்க?” என்று என் மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அவளிடம் நான் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. ஹைகிரவுண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. விடிந்தால் ஊசி, பொழுது அடைந்தால் ஊசி. ஸ்பிரிட் பஞ்சின் வாடை என் விரலைவிட்டுப் போகவே போகாது. சாம்பார் சோற்றிலும் அதுதான் மணக்கும். இந்த வேலையில் ஆம்பளைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டேன். மீசையை முறுக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள், ஊசியைப் பார்த்ததும் சரிந்துவிடுவார்கள். அவர்களைத் தாங்கிப் பிடித்தே எனக்குக் கை வலுத்தது.

இசக்கியப்பன் அண்ணாச்சியும் அப்படி அறிமுகமானவர்தான். டவுன் ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றார். நாற்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. சர்க்கரைக்குப் பரிசோதிக்க வந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடி, என் மணிக்கட்டை என்னைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “தங்கச்சி, எடுத்து முடிச்ச பெறவு சொல்லு, என்ன? நான் ரத்தம் பாக்க மாட்டேன்.” குரல் அப்படியொரு மெது. சேலை விரித்துக் காட்டியே பழகிய குரல். பயத்தை மறக்கவோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமைகளில் தான் மான் பார்க்கப் போகும் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்க எனக்கும் ஆசை வந்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் ரத்தம் பார்க்கிறவள் ஒரு நாளாவது மானைப் பார்க்கலாமே என்று கிளம்பினேன்.

தூத்துக்குடி சாலையில் போனால் செம்மண்ணும் சரளைக்கல்லுமாக ஒரு குன்று வரும். பெயரைச் சொல்லவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். உடைமரமும் முட்புதரும் அங்கங்கே புல்லும். அங்கே வெளிமான்கள் இருந்ததால் சரணாலயம் ஆக்கியிருந்தார்கள். நாங்கள் தன்னார்வலர்கள். பெயர்தான் பெரிது, வேலை என்னவோ கூலியில்லாத காட்டு வேலை. தண்ணீர்த்தொட்டியில் பாசி வழிப்போம், சீமைக்கருவேலம் வெட்டுவோம், ஊரான் எறிந்த பாலிதீன் பையைப் பொறுக்குவோம். கையெல்லாம் முள் கிழித்து வரும். “ஏளா, மான் பாக்கப் போனியா, இல்ல பூனகூடச் சண்டைக்குப் போனியா?” என்று அம்மா கேட்பாள்.

மான் என்றால் சாது என்று நினைத்துக்கொண்டு போனவள்தான் நானும். முதல் மாதமே அந்த நினைப்பு போயிற்று. இரண்டு ஆண்மான்கள், கறுத்த முதுகும் முறுக்கிய கொம்புமாக, பொட்டலில் மோதிக்கொண்டன. தலையைத் தாழ்த்தி ஒன்றின்மேல் ஒன்று பாய்ந்ததில் கொம்பு மோதிய சத்தம் எங்கள் பல்லில் கூசியது. பின்வாங்கும், திரும்பவும் பாயும். கடைசியில் ஒன்றின் கொம்பு மற்றதன் கழுத்தில் ஏறியது. தோற்றது முழங்கால் மடங்கி விழுந்தும் ஜெயித்தது விடவில்லை, விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி என் முதுகுக்குப் பின்னால் நின்று, “முடிஞ்சிட்டா தங்கச்சி? முடிஞ்சிட்டா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த வருடம் நாய்த்தொல்லை தாங்கவில்லை. தாய்மான் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத் தள்ளி நின்று மேயும். குட்டி மூச்சுக் காட்டாமல் கிடக்கும். மனுஷக் கண்ணுக்குத் தெரியாது, நாயின் மூக்குக்குத் தெரிந்துவிடும். போன ஞாயிறு பார்த்த குட்டி இந்த ஞாயிறு ஒரு காலாகவோ ஒரு துண்டுத் தோலாகவோ கிடக்கும். எறும்பு மொய்த்த அதைக் குழிதோண்டிப் புதைப்பதே எங்களுக்கு ஒரு வேலையாகிவிட்டது. கடைசியில் ஒரே ஒரு குட்டிதான் பிழைத்து, தாயோடு ஓடும் பருவத்துக்கு வந்திருந்தது. அண்ணாச்சிக்கு உயிரே அதன்மேல்தான். வேலைநாளிலும் விடிய முதல் பஸ்ஸில் வந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடுவார். பேர் வையுங்களேன் என்றேன். “வேண்டாம் தங்கச்சி, பேரு வச்சா போயிரும்” என்றார். இந்த ஒன்று மட்டும் பிழைத்துவிட்டால் திருச்செந்தூருக்கு நடந்தே வருவதாக நேர்ந்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர் அவ்வளவு தூரம் நடப்பதாவது என்று நான் திட்டினேன்.

எங்களுக்குச் சந்தேகம் தவசிமேல்தான். அடிவாரத்து ஊர்க்காரன். முயல் வேட்டைக்கென்று இரண்டு நாய் வளர்த்தான். ஒன்று செவலை, ஒன்று கறுப்பு. விலா எலும்பை எண்ணலாம், ஆனால் ஓட்டத்தில் காற்று தோற்கும். ஒருநாள் அவனை வழிமறித்து நான் சண்டைக்குப் போனேன். அவன் அலட்டிக்கொள்ளவில்லை.

“எக்கா, ரோட்டோரம் கொட்டுத கோழிக்கழிவுக்கு ஊருப்பட்ட நாயி வருது. குட்டிய திங்கது அதுதான். என் நாயி அப்படியில்ல. நான் சூக் காட்டாம எது மேலயும் பாயாது. மானுக்கு நான் சூக் காட்டுவனா? செயிலுக்குப் போவ எனக்கென்ன கிறுக்கா?”

சூக் காட்டுவது என்றால் நாயை ஏவிவிடுவது. கையை நீட்டிச் “சூ” என்றால் பாய்ந்து பிடி என்று அர்த்தம். நாய் வளர்க்கிற எந்த வீட்டிலும் இது தெரியும். அண்ணாச்சி வீட்டில் நாய் வளர்த்ததில்லை. டவுனில் ஒண்டுக்குடித்தனம், அவர் விரட்டியதெல்லாம் வடகம் கொத்த வந்த காக்கையைத்தான்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மற்றவர்கள் குன்றின் மறுபக்கம் கருவேலம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி மண்வெட்டியோடு தொட்டிக்கு வாய்க்கால் இழுத்துக்கொண்டிருந்தார். நான் தூக்குவாளியில் டீ கொண்டுபோனேன். எதிர்ப் பொட்டலில் தாயும் குட்டியும் நின்றன. பக்கத்து மேட்டில் திடீரென்று தவசியின் இரண்டு நாய்களும் வந்து நின்றன. முயலைத் துரத்தி எல்லை தாண்டி வந்தவை. தவசியைக் காணோம்.

இப்போதும் அந்தக் காட்சியை நான் நிறுத்தி வைத்துப் பார்ப்பதுண்டு. நாய்கள் பாயவில்லை. செவலை ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி நின்று, மானைப் பார்த்தது, பிறகு திரும்பி எங்களைப் பார்த்தது. தவசி சொன்னது பொய்யில்லை. மான்களும் ஓடாமல் வெறித்துக்கொண்டு நின்றன. நான் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் கல்லெடுக்கக் குனிந்தேன். நிமிர்வதற்குள் அண்ணாச்சி மண்வெட்டியைப் பிடித்தபடியே மான்களை நோக்கி ஓடினார். அவை தப்பி ஓடட்டும் என்று மறுகையை நீட்டி, அந்த மெல்லிய மனுஷன் தொண்டை கிழியக் கத்தினார்.

“சூ! சூ! ஓடு! சூ!”

நாய்கள் பறந்தன. தாய் ஒரே தாவலில் எட்டிப்போயிற்று. குட்டி இரண்டாம் தாவலில் சறுக்கியது. கறுப்பு பின்னங்காலைக் கவ்வியது, செவலை தொண்டையை. இரண்டும் இரண்டு பக்கம் இழுத்ததில் வயிறு கிழிந்தது. குட்டி எழுப்பிய சத்தம் கொஞ்ச நேரம்தான் கேட்டது. தாய் ஒரு தடவை திரும்பி நாய்க்கு நேராக ஓடி வந்தது. பெட்டைமானுக்கு முட்டக் கொம்பு கிடையாது. வந்து நின்றது, போய்விட்டது.

நான் விட்டெறிந்த கல் கறுப்பின்மேல் பட்டு அது ஓடிற்று. செவலை ஓடவில்லை. குட்டியைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி நேராக அண்ணாச்சியிடம் போயிற்று. அவர் காலடியில் குட்டியைப் போட்டது. உட்கார்ந்தது. வாயெல்லாம் ரத்தம். அவரை அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது.

அவர் மண்வெட்டியை ஓங்கினார். முதல் அடி முதுகில் விழுந்தது. அது ஊளையிட்டுப் படுத்தது. என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாத நாய் எப்படித் தரையோடு தரையாக ஒண்டும், பார்த்திருப்பீர்கள். ஓடியிருந்தால் பிழைத்திருக்கும், ஓடவில்லை. அவர் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் அந்தச் சேலைக்கடைக் குரலில் வந்தது. கையைப் பிடித்த என்னைத் தள்ளிவிட்டார், முள்ளில் போய் விழுந்தேன். நான் எழுந்து வரும்போது நாய்க்குத் தலை என்று எதுவும் இல்லை. அவர் சட்டை, முகம், கண்ணாடி எல்லாம் ரத்தம். அதைத் துடைக்கவும் தோன்றாமல் இரைத்துக்கொண்டு நின்றார்.

தவசி மேட்டில் ஓடிவந்தான். மான்குட்டியை அவன் பார்க்கவேயில்லை.

“எந்தச் செறுக்கியுள்ள என் நாய அடிச்சது?”

“உன் நாயி குட்டியக் கொன்னுட்டுவே!” என்றார் அண்ணாச்சி.

“நீருதானவே சூக் காட்டுனீரு! அங்கன ஓடை வரைக்கும் கேட்டுச்சு. மூணு தடவ சொன்னீரு. அது சொன்னதைச் செஞ்சுது, அதுக்குக் கொல்லுவீரா?”

“நான் மானைல்லாவே வெரட்டுனேன்” என்றார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. மண்வெட்டி கையைவிட்டு விழுந்தது. தவசி அறைந்தான், நெஞ்சில் மிதித்தான், கீழே தள்ளி முகத்தில் குத்தினான். அண்ணாச்சி கையைத் தூக்கி மறைக்கக்கூட இல்லை. ஒரு பல் தெறித்ததை நான் பார்த்தேன். விட்டால் கொன்றுவிடுவான் என்று தெரிந்தது. டீ நிரம்பிய தூக்குவாளியால் அவன் மண்டையில் ஓங்கி ஒன்று போட்டேன். மண்டை பிளந்துகொண்டது. பிறகு என் துப்பட்டாவைக் கிழித்து நானேதான் அவனுக்குக் கட்டும் போட்டேன். “அசையாதல, கட்டு அவுந்துரும்” என்று அதட்டினேன். நாயின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே அவன் தலையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் மூவரும் வனத்துறை அலுவலகத்தில் வனவர் முன்னால் நின்றோம். அண்ணாச்சி வீங்கிய வாயோடு முந்திக்கொண்டார். “நான்தான் சூ சொன்னேன் சார். மானைக் கொன்னது நான்தான். எழுதிக்கிடுங்க.” வெளிமானைக் கொன்றால் லேசில் விடமாட்டார்கள். வனவர் பேனாவை வைத்துவிட்டு, “எந்தச் சூ? போ-ங்கிற சூவா, புடி-ங்கிற சூவா?” என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். “போ-ங்கிற சூதான் சார், மானைப் பாத்துச் சொன்னாவ, நான் பக்கத்துல நின்னேன்” என்றேன். என் பேச்சுமட்டும் எடுபடாது என்று எனக்கே தெரியும். வனவர் தவசியைப் பார்த்தார். அவன் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் அண்ணாச்சி உள்ளே போவார்.

தவசி கட்டுப்போட்ட தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். “அவரு வெரட்டத்தான் சொன்னாரு சார்” என்றான். “என் நாய்க்கு அந்தச் சூ தெரியாது. நான் சொல்லிக் குடுத்தது ஒரு சூதான்.”

சரணாலயத்துக்குள் நாயை விட்டதாக வழக்கு தவசிமேல் விழுந்தது. அண்ணாச்சியை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அதற்கப்புறம் அவர் குன்றுப் பக்கம் வரவேயில்லை.

பொங்கலுக்குச் சேலை எடுக்கும் சாக்கில் கடைக்குப் போனேன். பல் கட்டியிருந்தார். சேலையை விரித்தார், மடித்தார். “குட்டியை நினைச்சு இன்னும் வருத்தமா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சேலையின் கரையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“குட்டி இல்ல தங்கச்சி. அந்த நாயி என்னைப் பாத்து வாலாட்டிச்சுல்லா, அதுதான் கண்ணுக்குள்ள நிக்கி. அத்தனை நாளு போனேன், ஒரு மானும் என்னை அண்ட விட்டதில்ல. அது ஒண்ணுதான் நான் சொன்னதைக் கேட்டுச்சு.”

அதற்கடுத்த தடவை போனபோது அந்த இடத்தில் வேறொருவர் நின்றார். எங்கள் குழுவும் ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்தது. தவசி மிச்சமிருந்த நாயை யாருக்கோ கொடுத்துவிட்டு மலையாளக் கரைக்கு ரப்பர் வெட்டப் போய்விட்டான். அடிவாரத்து ஊரில் இப்போது வேட்டைநாய் வளர்ப்பவர்களே இல்லையாம். குன்றைச் சுற்றிக் கம்பிவேலி வந்துவிட்டது.

போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பொட்டல் நிறைய மான். குட்டிகள் கூட்டம் கூட்டமாகத் துள்ளுகின்றன. “எம்மா, எவ்வளவு குட்டி!” என்று அவள் குதித்தாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. நாங்கள் ராப்பகலாகக் கவலைப்பட்ட வருடத்தில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. நாயும் போய், நாங்களும் போன பிறகு இப்படிப் பெருகியிருக்கின்றன. இதை அண்ணாச்சியிடம் சொல்லலாமா, சொன்னால் தாங்குவாரா என்று பஸ்ஸில் வெகுநேரம் யோசித்துக்கொண்டு வந்தேன். பாளையங்கோட்டைக்குள் நுழையும்போதுதான், அவர் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது என்பது உறைத்தது.