கல்லுக்கு உட்கார்ந்தவன்

பட்டாசி வாய்க்காரி. பீராவாஸ் கிராமத்தில் அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. எருமை கறக்க உட்காரும்போது அண்டை வீட்டுக்காரியோடு சண்டையை ஆரம்பித்தால், செம்பு நிறைவதற்குள் திட்டியும் முடித்து, சமாதானமும் ஆகி, அந்த அண்டை வீட்டுக்காரிக்கே ஒரு குவளை மோரும் கொடுத்து அனுப்புவாள். அப்பேர்ப்பட்டவள் வருஷக்கணக்காக ஒரு கல்லைப் பார்த்து நடுங்கினாள் என்றால் வெளியூர்க்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். அந்தக் கல்லில் இருந்தது யாருடைய முகம் என்று அவனுக்கு என்ன தெரியும்?

மூத்த மகன் வித்யாதர் கார்கில் சண்டையில் போனான். கொடி போர்த்திய பெட்டி வந்தது. "திறக்க வேண்டாம் தாயே" என்றார்கள் கூட வந்த சிப்பாய்கள். பட்டாசி பெட்டியின் மேல் விழுந்து, தலைப்பக்கம் எது, கால்பக்கம் எது என்று கேட்டாள். ஒருவன் தலைப்பக்கத்தைக் கையால் காட்டினான். அந்தப் பலகையில்தான் அவள் கடைசியாக முத்தம் கொடுத்தாள். பெற்றவளுக்கு அதுகூட மிச்சம் வைக்காத சாவு அது.

பிறகு சிலை வைக்கும் பேச்சு வந்தது. ஜுன்ஜுனு பக்கத்தில் இது கேட்டு நடக்கிற காரியமில்லை, எல்லை போய்த் திரும்பாதவனுக்கு ஊர்முனையில் பளிங்குச் சிலை நிற்கத்தான் வேண்டும். பஸ் அங்கே ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் திரும்பும். கல்யாண ஜோடி மாமியார் காலில் விழுவதற்கு முன்பே சிலையின் காலில் விழும். ராக்கி அன்று தங்கைகள் கல் மணிக்கட்டில் கயிறு கட்டி, கல் உதட்டில் லட்டைத் தேய்ப்பார்கள். பட்டாசியின் புருஷன் ஈசர்ராம் பென்ஷன் வாங்கும் ஹவில்தார். மகனுக்குச் சிலை வைக்க அவர் ஒருவர் சொல்லையும் எதிர்பார்க்கவில்லை. பெண்பிள்ளைகளைக் கேட்டுச் செய்கிற வழக்கம் அவருக்கு எதிலுமே இல்லை, இதில் மட்டும் எங்கிருந்து வரும்?

திறப்பு விழாவுக்கு நாலு கிராமத்து ஜனம் கூடிற்று. மாமனார் முறை, மைத்துனர் முறை என்று ஆண்கள் நின்றதால் பெண்கள் எல்லாரும் மோவாய் வரைக்கும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக இருந்தார்கள். துணி விலகியது, ஜே கோஷம் வானத்தைப் பிளந்தது, பட்டாசிக்கு வெள்ளையாக ஏதோ நிற்பது மட்டும் தெரிந்தது. பெற்றவள் பொட்டு வைக்க வேண்டும் என்றார்கள். மேடையில் ஏறி, குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு, முக்காட்டை இரண்டு விரலால் தூக்கினாள்.

தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் நின்ற புருஷனிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இது யாரு?"

"என்ன கேள்வி இது? உன் பிள்ளை."

"எந்தப் பிள்ளை?"

கூட்டத்தில் முன்வரிசையில் இளையவன் சத்பால் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தான். கல்லில் இருந்த அதே அகன்ற தாடை, அதே சப்பை மூக்கு, ஒரு பக்கம் தூக்கலாக இருக்கும் அதே புருவம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறு வழியில்லை. உயிரோடு இருக்கிற மகனின் நெற்றியில் பட்டாசி செத்தவனுக்கு வைக்கிற பொட்டை வைத்தாள். அமைச்சர் வந்து அதே கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்தாளே ஒரு பிடி!

"ஜெய்ப்பூர் சிற்பி மூல்சந்த் ஜாடை வேணும்னு கேட்டான்" என்றார் ஈசர்ராம். "நம்மகிட்ட இருக்கிற படத்துல அவன் மூஞ்சி இலந்தப்பழம் அளவு. அதுலயும் பாதிய தொப்பி மறைக்குது. சின்னவனக் கூட்டிட்டுப் போய் உக்கார வச்சேன். அண்ணன் தம்பிதானே, ஒரே அச்சு."

"ஒரே அச்சா? பெத்தது நானா, நீங்களா? அவன் எங்க அப்பன் வீட்டு ஜாடை, ஒட்டின கன்னம். இவன் உங்க வீட்டுச் சட்டிமூஞ்சி!"

"சரி விடு. கல்லு நல்லா வந்திருக்கில்ல?"

அதற்கு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஓரகத்தி தாப்பி சும்மா இருந்திருக்கலாம். அவள் எங்கே சும்மா இருந்தாள்! அடுப்படியில் வந்து குந்தி, ஹுக்காவை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "ஏ பட்டாசி, உசிரோட இருக்கிறவன் மூஞ்சில மாலை விழுந்தா அந்தக் கல்லு ஆள் கேக்கும்டீ. எங்க தாய்வீட்டுப் பக்கம் பார்த்திருக்கேன்" என்றாள். என்ன பார்த்தாய், எங்கே பார்த்தாய் என்று கேட்டால் அவளுக்கு விவரம் தெரியாது. சொன்ன வார்த்தை மட்டும் பட்டாசியை விடவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வேலை, சின்னவனைக் கல்லுக்குக் கொடுக்காமல் இருப்பது.

சின்னவன் ஒத்துழைத்தானா? ஊரே அவனை வித்யாதரின் தம்பி என்று கூப்பிட்டது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் விடிவதற்கு முன்னால் ஓட ஆரம்பித்தான், ஓடி முடிக்கும் இடம் சிலையடி.

"நீ போக வேண்டாம்டா" என்றாள் பட்டாசி.

"அண்ணன் கல்லா நிக்கிறான். நான் எருமைக்குத் தண்ணி காட்டிட்டு நிக்கவா, மா?"

"தண்ணி காட்டு. எருமை உன்னைக் கொல்லாது."

"ஊர்ல எவன் எனக்குப் பொண்ணு குடுப்பான்?"

"எவனும் குடுக்கலேன்னா கிடக்கட்டும், நானே சோறு போடறேன்!"

அவன் சிரித்துக்கொண்டே போய்த் தேர்வானான். புறப்படுகிற நாளில் ஊர் வழக்கப்படி சிலைக்கு முன்னால் நிறுத்தி, சிலைக்கு ஒரு பொட்டு, அவனுக்கு ஒரு பொட்டு. சீருடை போட்டு, தலைமுடி ஒட்ட வெட்டி நின்றபோது ஜனம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. பஸ் டிரைவர் ஒரு வாய்க்கொழுப்பு பிடித்தவன். "ஹவில்தாரே, இதுல எவன ஏத்திட்டுப் போறது?" என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள், ஈசர்ராம்கூட. பட்டாசி குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி டிரைவரின் முகத்தில் அடித்தாள். அன்றைக்கு பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது.

அதன் பிறகு அவள் செய்த கூத்தெல்லாம் ஊருக்கே வேடிக்கை. கல்லுக்கு மீசை கிடையாது. அதனால் சத்பால் மீசை வைத்தே ஆகவேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். கல் கட்டுமஸ்து. அதனால் அவன் குண்டாக வேண்டும் என்று, லீவில் வரும்போதெல்லாம் கம்பு ரொட்டியில் நெய்யை ஊற்றி, வெல்லத்தோடு பிசைந்து வாயில் திணித்தாள். அவன் இரண்டு சுற்று பெருத்துப் போவான், பட்டாளம் ஓடவிட்டு ஓடவிட்டு ஆறே மாதத்தில் கல்லின் அளவுக்கே கொண்டுவந்து நிறுத்தும். சத்பாலின் பெண்டாட்டி பிம்லாவுக்கு எரிச்சல். "உங்க அம்மா உங்கள தின்பண்டத்தாலயே கொன்னுருவாங்க" என்பாள். மருமகளிடம் காரணத்தைச் சொல்லப் பட்டாசிக்கு வாய் வரவில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம்.

ஒருநாள் மத்தியானம், ஊர் முழுக்கக் கடுகு அறுப்புக்குப் போயிருந்த வேளை, கையில் அம்மிக் குழவியோடு சிலையடிக்குப் போனாள். சுற்றிலும் ஈ, காக்கை இல்லை, காற்றுகூட நின்றிருந்தது. மூக்கை மட்டும் உடைத்துவிட்டால் போதும், அப்புறம் அது யாரோ. குழவியை ஓங்கினாள். கல், சத்பால் தூங்கி எழுந்து பார்க்கிற மாதிரி அவளையே பார்த்தது. இந்த மூக்கில் விழுகிற அடி அங்கே எல்லையில் எவன் மூக்கில் விழும்? ஓங்கிய கை இறங்கிவிட்டது. வைத்திருக்கவும் பயம், உடைக்கவும் பயம். குழவியை இடுப்பில் சுமந்துகொண்டு திரும்பி வரும்போது தேம்பித் தேம்பி அழுதாள்.

பிறகு புருஷனுக்குத் தெரியாமல் ஜெய்ப்பூருக்கே பஸ் ஏறினாள். மூல்சந்த் நல்ல மனுஷன், தேநீர் கொடுத்து உட்கார வைத்தான்.

"மாத்திடலாம் அம்மா. ஆனா கல்லுல எடுக்கத்தான் முடியும், ஒட்ட முடியாது. உங்க பெரியவன் ஒல்லின்னா இன்னும் நல்லது. சொல்லுங்க, எங்க எடுக்கணும்?"

"கன்னத்துல."

"எவ்வளவு? எலும்பு தெரியற மாதிரியா? கண்ணு உள்ள போன கண்ணா? மூக்கு நுனி எப்படி?"

பட்டாசி கண்ணை மூடினாள். வித்யாதர் கிணற்றடியில் சறுக்கி விழுந்தது வந்தது. மிளகாய் கடித்துக் கத்தியது வந்தது. முகம் வரவில்லை. முகம் இருக்கிற இடத்தில் அந்தப் பளிங்குதான் வந்தது. பெற்றவள் முறைக்குத் தினமும் விடியலில் அந்தச் சிலையைத் தண்ணீர் விட்டுத் துடைத்துத் துடைத்து, பெற்ற பிள்ளையின் முகத்தை அவளே துடைத்து எடுத்துவிட்டிருந்தாள். தேநீரைக் குடிக்காமல் எழுந்துவிட்டாள். பஸ்ஸில் வழி நெடுக நெஞ்சில் அடித்துக்கொண்டே வந்தாள் என்று கண்டக்டர் பிற்பாடு சொன்னான்.

சத்பாலுக்குப் பெண் குழந்தை பிறந்தது, கோமல் என்று பெயர். அப்பன் வருஷத்தில் இரண்டு தரம்தான் வருவான். மற்ற நாளெல்லாம் குழந்தை சிலையடியில் விளையாடும். அப்பாவைப் பாபு என்றுதான் கூப்பிடும். பாபு எங்கே என்று யாராவது கேட்டால், ஊர் விடலைகள் சொல்லிக் கொடுத்தபடி கையை மேலே சிலைமுகத்துக்கு நீட்டும். பட்டாசி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டு, விடலைகளைத் துரத்திக்கொண்டு ஓடுவாள்.

குழந்தைக்கு நாலு வயது நடக்கும்போது, புழுதிக் காற்று வீசிய ஒரு மத்தியானம், ஈசர்ராமின் போன் அடித்தது. பேசிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். பட்டாசி அவரைப் பார்த்தாள்.

"பெட்டியா?" என்றாள்.

"இல்ல. உசிர் இருக்கு. டெல்லில ஆஸ்பத்திரி. கண்ணிவெடி."

ஆஸ்பத்திரியில் சத்பாலின் தலை முழுக்கக் கட்டு. ஒரு கண்ணும் உதட்டு ஓரமும்தான் வெளியே தெரிந்தன. டாக்டர் ஈசர்ராமைத் தனியாக நிறுத்திச் சொன்னார், பெண்கள் காதிலும் விழுந்தது. "உயிருக்குப் பயமில்லை. தாடை, மூக்கு, இடது கன்னம் மூணும் போச்சு. எத்தனை ஆபரேஷன் செஞ்சாலும் பழைய முகம் வராது."

பிம்லா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பட்டாசி இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினாள். "போகட்டும்! மூஞ்சிதானே, போகட்டும்! கேட்டத எடுத்துக்கிட்டு என் பிள்ளைய விட்டுச்சே!" என்றாள். சிரித்தாள். அந்த நடைவழியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகச் சிரித்தாள்.

"உங்களுக்குப் பைத்தியமா?" என்றாள் பிம்லா. அதற்கப்புறம் வெகுநாள் அவள் மாமியாரோடு பேசவில்லை. அவளைக் குறை சொல்ல முடியுமா? பட்டாசியையும்தான் என்ன சொல்ல முடியும்?

சத்பால் ஊர் திரும்பியபோது மேளம் வைத்தார்கள். சிலையடியில் ஜீப்பை நிறுத்தினார்கள். அவன் துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டு இறங்கினான். சிலையையும் அவனையும் மாறி மாறிப் பார்க்கிற ஜனம் அன்றைக்கு இரண்டில் எதையும் பார்க்காமல் தரையைப் பார்த்தது. பட்டாசி மட்டும் தலை நிமிர்ந்து நின்றாள். இனி அந்தக் கல் வேறு, என் பிள்ளை வேறு என்ற தெம்பு.

கோமல் அவனிடம் போகவில்லை. இனிப்பு காட்டினான், வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தையல் போட்ட தாடையில் சொல் குழறியது, குழந்தை வீறிட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. மூன்றாம் நாள் காலை குழந்தையைக் காணோம். பட்டாசி தேடிக்கொண்டு போனாள். எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

கோமல் மேடை மேல் ஏறி, கல்லின் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"பாபு, நம்ம வீட்ல யாரோ ஒரு ஆளு வந்து உக்காந்திருக்கான். அம்மா அவனுக்குச் சோறு குடுக்கிறா. நீ இறங்கி வா பாபு."

பட்டாசி பின்னால் திரும்பினாள். சத்பாலும் தேடிக்கொண்டு வந்திருந்தான். துண்டு தோளில் கிடந்தது, மூட மறந்திருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்துவிட்டது.

வாய்க்காரி மேடையில் ஏறிக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"இங்க பாரு கண்ணு. அவன்தான் உங்க பாபு. இது உன் பெரியப்பா, வித்யாதர்." அந்தக் கல்லை அவள் அந்தப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தரம்.

"பெரியப்பாவுக்கு எங்க பாபு மூஞ்சி எதுக்கு?"

"அவனோடது இல்லாமப் போச்சு. உங்க பாபு குடுத்தான்."

"திருப்பிக் கேளு பாட்டி."

பட்டாசி குழந்தையை இறக்கிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். சத்பால் நாலு எட்டு பின்னாலேயே வந்தான். கோமல் பயந்து திரும்பித் திரும்பிப் பார்த்ததால், அவன் இன்னும் கொஞ்சம் பின்தங்கி நடந்தான்.