தோப்புக்கரணம் போட்டால்தான் துணி

1. சட்டம்

கீரமங்கலம் கடைத்தெருவில் எனக்கு ஒரு தையல்கடை இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் பிடித்த இடம். போன வருஷம் அது கையை விட்டுப் போயிற்று. தையல் பழக வருகிற பெண்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள்: "கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருந்தா கடை நின்னுருக்குமேக்கா?" நின்றிருக்கும். நான் வளையவில்லை. ஏன் வளையவில்லை என்று ஆளாளுக்குச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தைப்பேன். ஜப்லாவில் தொடங்கி பாவாடை சட்டை, ஃபிராக், டிரவுசர், பள்ளிக்கூட யூனிஃபார்ம் வரை. பெரியவர்கள் அளவு கொடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொள்வார்கள். அப்புறம் துணி பிடிக்கிறது என்று நம்மிடம் சண்டைக்கு வருவார்கள். பிள்ளைகளிடம் அந்தக் கள்ளத்தனம் கிடையாது.

என் கடையில் ஒரே ஒரு சட்டம். தைத்த துணியைப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, "ஒரு தோப்புக்கரணம் போடு தங்கம்" என்பேன். போட்டால்தான் துணியைக் கொடுப்பேன். சிரிக்காதீர்கள். கைகளை மாற்றிக் காதைப் பிடிக்கும்போது முதுகு அகலமும், கை பொருத்துகிற ஆர்ம்ஹோலும் தெரிந்துவிடும். உட்காரும்போது இடுப்பும் தொடையும் தெரியும். எழும்போது கழுத்து பின்னால் இழுக்கிறதா என்று தெரியும். டேப் வைத்து அளந்தால் நிற்கிற பிள்ளையின் அளவுதான் கிடைக்கும். எந்தப் பிள்ளை ஒரு இடத்தில் நிற்கிறது? பள்ளிவாசல் தெருப் பிள்ளைகள் வந்தால், "தொழுகையில குனிஞ்சு உக்கார்ற மாதிரி உக்காந்து எந்திரி" என்பேன். அதிலும் எல்லாம் தெரிந்துவிடும்.

ஊருக்குள் எனக்குத் 'தோப்புக்கரண டெய்லர்' என்று பேர். வைத்துக்கொள்ளட்டும்.

2. மிஷினுக்குக் குளிருதா?

கடையில் பாதி ஸ்டெல்லாவுடையது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பின்னல் பழகியவள். இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குச் சட்டை, தொப்பி, காலுறை என்று நாள் முழுக்கப் பின்னுவாள். கம்பளி இல்லை, பருத்தி நூல். ஆனாலும் கடைக்கு வருகிற முக்கால்வாசிப் பேர் "இந்த வேக்காட்டுல ஸ்வெட்டரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

எனக்கும் அவளுக்கும் ஓயாத சண்டை.

"பின்னல்ங்கிறது துணியே இல்லடி. ஓட்டையைச் சுத்தி நூலைக் கட்டி வச்சிருக்க" என்பேன் நான்.

"ஒங்க துணி அட்டை மாதிரி வெறச்சுக்கிட்டு நிக்கும். நான் பின்னுனா, பிள்ளை மூச்சு விடுறப்ப சட்டையும் சேந்து மூச்சு விடும்" என்பாள் அவள்.

"ஒரு நூலை இழுத்தா மொத்தமும் அவுந்து கையில வந்துரும்."

"வரட்டுமே. மறுபடி பின்னிப்புடுவேன். ஒங்க துணி கிழிஞ்சா கரித்துணிதான்."

ஒரு கிறிஸ்துமஸுக்கு என் தையல் மிஷினுக்கே வெள்ளை நூலில் பூப்போட்ட உறை ஒன்று பின்னிக் கொண்டுவந்து போர்த்திவிட்டாள். "ஏன்டி, மிஷினுக்குக் குளிருதா?" என்று கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் கடை பூட்டும்போது தினமும் அதைத்தான் போர்த்திவிட்டுப் போவேன். அதை அவளிடம் ஒருநாளும் புகழ்ந்ததில்லை.

3. ஜாதிமல்லி நிறம்

நாங்கள் வாடகைக்கு இருந்த கட்டடத்தின் ஓனருக்கு மருமகள் நிவேதா. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஒருநாள் மகள் தன்விகாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் ஐந்தாவது பிறந்தநாள். கவரைப் பிரித்து என் மேசையில் ஒரு துணியை விரித்தாள்.

"டிசைனர் மெட்டீரியல்க்கா. பெங்களூர்ல இருந்து வரவச்சது."

ஆர்கன்சா, கண்ணாடி மாதிரி மெல்லிசான விறைப்புத் துணி. ஜாதிமல்லி மொட்டின் அடியில் லேசாக ஒரு ரோஸ் இருக்குமே, அந்த நிறம். மேலே கையால் தைத்த சமிக்கி வேலை. பொய் சொல்ல மாட்டேன், கண்டதும் எனக்குக் கை பரபரத்தது. எவ்வளவோ பாப்ளினையும் காட்டனையும் வெட்டிய கத்தரி இது. இப்படி ஒரு துணியில் வைத்ததே இல்லை. டிசைனர் துணி என்றாலே வெறும் பந்தா என்று பேசுகிற ஆள் நானில்லை. அந்தத் துணி அழகு. அதைச் செய்தவன் கைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

போனில் ஒரு படத்தைக் காட்டி அதே மாதிரி வேண்டும் என்றாள். அதோடு நிற்கவில்லை.

"மாமா இந்த எடத்த இடிச்சுப் பெருசாக் கட்டப் போறாங்கக்கா. நான் இங்க கிட்ஸ் பொட்டிக் வைக்கப் போறேன். நீங்க எங்கயும் போக வேணாம். தைக்கிறது நீங்க, பின்றது ஸ்டெல்லாக்கா. ஆனா இந்தப் பிள்ளைங்கள வரச்சொல்லி உக்கார வச்சு எந்திரிக்க வைக்கிறதெல்லாம் வேணாம். ஆன்லைன்ல சைஸ் சொல்லுவாங்க, அதுக்குத் தச்சு அனுப்பிருவோம். தன்விகா டிரஸ்தான் மொத சாம்பிள். போட்டோ எடுத்துப் போடணும்."

"மொதல்ல பாப்பாவுக்குத் தைக்கிறேன். மத்தத அப்பறம் பேசுவோம்" என்றேன்.

அவள் போனதும் ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். "அக்கா, நல்லாக் கேட்டுக்கங்க. இந்த வயசுல இன்னொரு எடம் தேடி எங்கிட்டுப் போறது? கையக் கால வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. ஒங்க சட்டத்தக் கொஞ்ச நாளைக்குச் சுருட்டி வைங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எரிச்சலாக வந்தது.

4. "நல்லாருக்கு"

படத்தில் இருந்தபடியே தைத்தேன். உடம்போடு ஒட்டின மேல்பாகம், ஒடுக்கமான கை, கீழே கேன்கேன் வலைத்துணி உள்ளே வைத்துக் குடை மாதிரி விரிகிற பாவாடை. கையில் லைனிங் கூடாது, கண்ணாடி மாதிரித் தெரிவதுதான் ஸ்டைல் என்று சொல்லியிருந்தாள்.

தன்விகா போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். கடையே வெளிச்சமாகிவிட்டது. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "எங்க, ஒரு தோப்புக்கரணம்" என்றேன். வலது கையைத் தூக்கினாள்; காதுக்கு எட்டவில்லை, பாதியில் நின்றது. உட்காரப் பார்த்தாள்; மேல்பாகம் கழுத்துக்கு ஏறி வந்தது. கையைத் தூக்கிப் பார்த்தேன். அக்குளில் சமிக்கி உராய்ந்து சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது.

"எப்புடிடா இருக்கு?" என்றேன்.

அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நல்லாருக்கு" என்றது பிள்ளை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. பிள்ளைகளிடம் கள்ளத்தனம் கிடையாது என்றேனே, இந்தப் பிள்ளையையும் ஒரு துணி பொய் சொல்ல வைத்துவிட்டது.

"ரெண்டு மணி நேரந்தானக்கா? போட்டோ எடுத்துட்டுக் கழட்டிரலாம்" என்றாள் நிவேதா.

"ரெண்டு நிமிசம்னாலும் அது அவ தோலுங்க."

"எல்லாப் பிள்ளைங்களும் போடுதுங்க."

"எங்கிட்ட வர்ற பிள்ளை போடாது."

துணியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டேன். இன்னும் வேலை முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

5. கண்ணி

மெல்லிய மல்மல் துணியில் லைனிங் வைத்துத் தைத்தேன்; உராய்வது நிற்கும். ஆனால் விறைப்பு போகாது. பக்கவாட்டில் பிரித்துத் தளர்த்தலாம் என்றால் மிச்சத் துணி இல்லை. தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா ஊசியை நிறுத்தாமலே சொன்னாள்: "அக்குள்ல இருந்து இடுப்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் நான் ஒரு பட்டை பின்னித் தாரேன். இழுத்தா வரும், விட்டா போகும்."

"என் துணியில ஒன் வலையா? போடி அங்கிட்டு!"

"அப்ப பிள்ளைய அழ விடுங்க."

"சரி, பின்னு" என்றேன். பின்னித் தந்தாள். அந்த ரோஸுக்கு எங்களிடம் நூல் இல்லை, வெள்ளைதான். துவைத்தால் சுருங்கும் என்று முதலிலேயே நனைத்துக் காயப்போட்டாள். நான் அவசரக்குடுக்கை, அதை மிஷினில் வைத்து ஓட்டிவிட்டேன். மிஷின் ஊசி ஒரு கண்ணியை அறுத்துவிட்டது. பின்னலில் ஒரு கண்ணி அறுந்தால் அந்த வரிசை முழுக்க அவிழ்ந்து ஓடிவிடும். ஓடியது. ஸ்டெல்லா அன்றைக்கு என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மறுபடி பின்னினாள். இந்தத் தடவை ஒவ்வொரு கண்ணியாக எடுத்து நான் கையால் தைக்க, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தாள்.

6. டப்

ஞாயிற்றுக்கிழமை நிவேதா புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் வந்தாள். பட்டுச்சேலை. அதற்குக் கல் பதித்த டிசைனர் பிளவுஸ், கையெல்லாம் இறுக்கிப் பிடித்த மாதிரி. வெளியே காரில் மாமனார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

தன்விகா ஃபிராக்கைப் போட்டதும் நான் கேட்காமலே தோப்புக்கரணம் போட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. "பாரும்மா! பாரும்மா!" என்று குதித்தாள். குதிக்கும்போது பக்கவாட்டில் அந்த வெள்ளைப் பட்டை விரிந்து விரிந்து சுருங்கியது.

நிவேதா முகம் மாறிவிட்டது. "என்னக்கா இது, ஒட்டுப் போட்டு வச்சிருக்கீங்க? இவ்வளவு நல்ல மெட்டீரியல்ல? போட்டோவுல தெரியும்க்கா."

"தெரியட்டுங்க."

"இதப் பிரிச்சு எடுத்துட்டுப் பழையபடி தச்சுக் குடுங்க. இல்லன்னா சாரிக்கா, இந்த எடத்துல நம்ம சேந்து வேலை பாக்க முடியாது."

சொல்லிவிட்டாள். ஸ்டெல்லாவின் ஊசிகள் நின்றுவிட்டன. அத்தனை வருஷக் கடை அந்த ஒரு பேச்சில் தொங்கியது. எனக்கு வந்ததே கோபம், அதுவரை 'வாங்க, போங்க' என்று பேசிய வாய் 'நீ'க்கு இறங்கிவிட்டது.

"பிரிச்சுத் தாரேன். அதுக்கு முன்னாடி நீ ஒரு தோப்புக்கரணம் போடு."

"வெளாடுறீங்களாக்கா?"

"நீ போட்டிருக்கதும் டிசைனர்தான? போட்டு எந்திரி. எந்திரிச்சிட்டன்னா நான் வாயத் தொறக்காம பிரிச்சுத் தாரேன்."

தன்விகா அம்மா கையைப் பிடித்து ஆட்டினாள். "போடும்மா, ஈசிம்மா! நான் சொல்லித் தாரேன்!"

பிள்ளைக்காகத்தான் நிவேதா கையைத் தூக்கினாள். காது வரைக்கும் போகவில்லை, தோளைத் தொட்டபடி நின்றது. பாதி உட்கார்ந்தாள். டப் என்று ஒரு சத்தம். முதுகில் கொக்கி வரிசை மொத்தமும் தெறித்துவிட்டது. நாலைந்து கற்கள் தரையில் உருண்டு ஓடின.

ஸ்டெல்லா பாய்ந்து போய், மடித்து வைத்திருந்த மிஷின் உறையை உருவிக்கொண்டு வந்து அவள் முதுகில் போர்த்தினாள். நான் ஷட்டரைப் பாதி இறக்கினேன். தன்விகா மட்டும் சிரித்தாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிளவுஸை வாங்கி, பக்கவாட்டில் உள்ளே விட்டிருந்த தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொக்கி வைத்தேன். அதுவரை நிவேதா அந்த வெள்ளை உறைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அக்குளிலும் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. மகளுக்கு விழுந்த அதே இடம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். "காலையில இருந்து மூச்சு விட முடியலக்கா" என்றாள். கண் கலங்கிவிட்டது. எனக்கும் கோபம் இறங்கிவிட்டது.

ஆனால் எழுந்து போகும்போது சொன்னாள்: "நீங்க சொல்றது புரியுதுக்கா. ஒட்டு இருக்கட்டும், இவளுக்கு இதையே போட்டுக்கிறேன். ஆனா பொட்டிக்ல இது நடக்காது. சைஸ் அனுப்புறவங்க பிள்ளைய அனுப்ப மாட்டாங்க."

அவள் கணக்கு அவளுக்கு. மறைக்காமல் முகத்துக்கு நேரே சொன்னாள், அதுவரைக்கும் சந்தோஷம்.

"அப்ப அந்த எடம் எனக்கு வேணாம்மா" என்றேன்.

"எனக்கும் வேணாம்" என்றாள் ஸ்டெல்லா. சட்டத்தைச் சுருட்டி வைக்கச் சொன்ன அதே ஸ்டெல்லா!

7. பூச்சந்தைப் பக்கம்

இப்போது பூச்சந்தையை ஒட்டி ஒரு சின்ன அறையில் இருக்கிறோம். ஏலச் சத்தத்தில் நானும் ஸ்டெல்லாவும் கத்தித்தான் சண்டை போட வேண்டியிருக்கிறது. வருகிற பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பழைய இடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பொட்டிக் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் நின்று துணிகளைப் பார்ப்பேன். அழகு அழகுதான், அதில் எனக்கு வீம்பு இல்லை. வாசலில் பெரிதாக ஒரு போட்டோ. தன்விகா, ஜாதிமல்லி நிற ஃபிராக்கில், காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரிக்கிறாள். வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிகிறது. வாசலில் என் சட்டம் தொங்குகிறது, கடைக்குள்ளே அது இல்லை. பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வரும், சிரிப்பும் வரும்.

தையல் பழகும் பெண்களே, நான் படித்துக்கொண்டது இவ்வளவுதான். நல்ல துணி கிடைத்தால் ஆசையாகத் தையுங்கள். தையலா பின்னலா என்று சண்டை போட்டுக்கொண்டே இருங்கள், தொழில் வளரும். ஆனால் காசு கொடுக்கிறவர் சொல்கிற "நல்லாருக்கு" வேறு, போட்டுக்கொள்கிற பிள்ளை சொல்கிற "நல்லாருக்கு" வேறு. உங்கள் கஸ்டமர் அந்தப் பிள்ளைதான். அதற்காக இடத்தை விடலாம். நான் விட்டேன், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

போன வாரம் பூச்சந்தைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நிவேதா வந்தாள். கையில் ஒரு பிளவுஸ் துணி.

"பெரியவங்களுக்குத் தைக்க மாட்டீங்கன்னு தெரியும்க்கா" என்றாள். "உக்காந்து எந்திரிச்சுக் காட்டிட்டுத்தான் வாங்கிக்கிருவேன்."

ஸ்டெல்லா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். டேப் உடம்பில் பட்டதும் நிவேதா பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்ச விடும்மா" என்றேன்.

விட்டாள். அப்புறம்தான் அளவெடுத்தேன்.